மோவாபு நாட்டு மருமகள்



வத்தேகமவிலிருந்து எல்கடுவ நோக்கி ஏறும் மலைப்பாதையை உங்களில் பலர் அறிவீர்கள். அப்பகுதித் தோட்டமொன்றின் சிற்றாலயத்தில், ஓகஸ்ட் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், மாலைத் திருப்பலிக்காகச் சென்றிருந்தேன். அன்றைய முதல் வாசகம் ரூத்து நூலிலிருந்து வந்தது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, ஒற்றைப்படை ஆண்டுகளில், இரண்டே நாட்கள்தாம் வார நாள் திருப்பலியில் அந்நூல் வாசிக்கப்படுகிறது. கணவனை இழந்த பின்னும் மாமியாரை விட்டுப் பிரியாத மருமகளைப் பற்றி எனக்குத் தெரிந்தவரை மறையுரை ஆற்றினேன். பூசை முடிந்து வெளியே தேநீர் அருந்திக்கொண்டிருக்கையில், கொழுந்து பறித்தே முதுமை அடைந்த பாட்டி ஒருவர் அருகில் வந்து அமர்ந்தார். அந்தப் பிள்ளை வேறு நாட்டுக்காரி ஆயிற்றே சாமி, அந்த ஊரில் அவளுக்குப் பிரஜாவுரிமை கொடுத்தார்களா என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த கணமே அந்தச் சிரிப்புக்காக வெட்கப்பட்டேன். ஏனெனில் கேட்டவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. 1948-ம் ஆண்டின் 18-ம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பன் இந்நாட்டில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. பிறப்புப் பதிவே அரிதாயிருந்த லயங்களில் அந்த அத்தாட்சிக்கு எங்கே போவது? மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 ஒக்டோபர் 30-ந் திகதி கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. மீதி 1,50,000 பேர் தங்கள் தலையெழுத்தை அறிய 1974 வரை காத்திருந்தனர். இங்கேயே தங்கி, எந்நாட்டுக் குடியுரிமையும் இல்லாதிருந்த இந்திய வம்சாவளியினருக்கு அதை வழங்கும் சட்டம் ஒன்று 2003-ல் வந்தது. கடதாசிக்காக அரை ஆயுளை அலைந்து கழித்த ஒருவரின் காதில் ரூத்தின் கதை விழுந்தால், வேறென்ன கேள்வி பிறக்கும்?

குருமடத்தில் நான் கற்ற காலத்தில் இக்கேள்வியை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் தேடிப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. யூத மறை ஆசிரியர்களான ரபிமார், ரூத்தைப் பற்றி முதன்மையாகக் கேட்ட கேள்விகளுள் ஒன்று இதுவேதான்! பல நூற்றாண்டுகளாக அவர்கள் இதை விவாதித்திருக்கிறார்கள். ரூத்து எந்த உரிமையில் இஸ்ரயேலுக்குள் வந்தாள்? வந்தது சட்டப்படி சரியா? சரியில்லை என்றால் அவளது கொள்ளுப்பேரன் தாவீது அரசனாகலாமா?

ஆகவே இந்த வாரம், நமக்குத் தெரிந்த ரூத்தை, அவளைப் போற்றிக் காத்த அந்த மக்களின் ஆசிரியர்கள் எப்படிக் கண்டார்கள் என்று பார்க்க உங்களை அழைக்கிறேன். யூதரிடமிருந்து நமக்கு என்ன என்று தயங்க வேண்டாம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல், கிறிஸ்தவமல்லாத சமயங்களைப் பற்றிய தன் ஏட்டில், அம்மக்களோடு நமக்குள்ள ஆன்மிக உறவை எடுத்துக்கூறி, அவர்களை அறிந்து மதிக்கும்படி நம்மைத் தூண்டியது. இன்னொன்றும் இருக்கிறது, கதைக்குப் புறம்பானதுதான்: 1841-ல் சீனாவிலிருந்து தேயிலைக் கன்றுகளைக் கொணர்ந்து புசல்லாவையில் நட்டுப் பார்த்த டி வோர்ம்ஸ் சகோதரர்கள் யூதரே. நம் கூடையில் விழும் கொழுந்தின் வரலாற்றிலும் அவர்களுக்கு ஓர் ஓரத்தில் இடமுண்டு.

ரூத்து நூல் மிகச் சிறியது. நான்கு அதிகாரம், 85 வசனம். யூதர் இதைத் தம் அறுவடைப் பெருவிழாவான வாரங்களின் விழாவில் வாசிப்பர். பாஸ்காவுக்கு ஐம்பதாம் நாள் வரும் அவ்விழாவே, சீனாய் மலையில் திருச்சட்டம் அருளப்பட்டதன் நினைவு நாளுமாகும். நம்முடைய பெந்தகோஸ்து அதனோடு உடன்பிறந்தது. சட்டம் பெற்ற நாளில், சட்டம் வெளியே நிறுத்திய இனத்தில் பிறந்த ஒருத்தியின் கதையை ஏன் வாசிக்க வேண்டும்? செயிரா என்ற ரபி, இந்நூலில் தீட்டைப் பற்றியோ விலக்கைப் பற்றியோ ஒரு விதியும் இல்லாதிருப்பதைக் கவனித்து, அன்பு செய்கிறவருக்குக் கிடைக்கும் கைம்மாற்றைக் காட்டவே இது எழுதப்பட்டது என்ற முடிவுக்கு வந்தார்.

நீதித் தலைவர்களின் காலம். பெத்லகேம் என்றால் அப்பத்தின் வீடு என்று பொருள். அந்த அப்பத்தின் வீட்டிலேயே பஞ்சம் வந்தது. எலிமலேக்கு என்பவர் மனைவி நகோமியோடும், மக்லோன், கிலியோன் என்ற இரு மைந்தரோடும் சாக்கடலுக்குக் கிழக்கேயுள்ள மோவாபு நாட்டுக்குப் போனார். விவிலியம் இதற்கு மேல் அவரைக் குறை சொல்லவில்லை. ரபிமார் விடவில்லை. எலிமலேக்கு வறியவர் அல்ல, ஊரின் பெரிய மனிதர். பஞ்சத்தில் ஏழைகள் கூடையோடு தம் வாசலுக்கு வந்து நிற்பார்களே என்று அஞ்சித்தான் ஊரை விட்டார் என்று அவர்கள் சொல்லி வைத்தனர். பஞ்சத்துக்குப் பயந்து போனவர் அல்லர், பசித்தவர்களுக்குப் பயந்து போனவர்! அந்த வேறுபாட்டை ஒரு கணம் மனதில் நிறுத்துங்கள். நம் முன்னோரும் பஞ்சத்தால் தான் கடல் கடந்தனர். ஆனால் அவர்களை வாசலில் வந்து கெஞ்ச யாரும் இருக்கவில்லை, அவர்களே பசித்தவர்கள்.

மோவாபில் எலிமலேக்கு இறந்தார். மைந்தர் இருவரும் அந்நாட்டுப் பெண்களை மணந்தனர்: ஒருத்தி ஒர்பா, மற்றவள் ரூத்து. இருவரும் மோவாபின் அரசன் எக்லோன் வழிவந்த அரசகுமாரிகள் என்பது யூத மரபு. பத்தாண்டுகளில் மைந்தரும் மாண்டனர். மூன்று கைம்பெண்கள் எஞ்சினர். பெத்லகேமில் மீண்டும் விளைச்சல் என்ற செய்தி கேட்டு நகோமி புறப்பட்டார். மருமகள்மார் இருவரும் உடன் நடந்தனர்.

வழியில் நகோமி நின்றுவிட்டார். தாய் வீடு திரும்புங்கள் என்று இருவரிடமும் வேண்டினார். அப்போது அவர்கள் தமக்கும், இறந்தவர்களுக்கும் காட்டிய பரிவை நினைவுகூர்ந்து ஆசி கூறினார். பரிவு என்று இங்கே நான் எழுதுவது எபிரேய மொழியில் ஹெசெத் என்ற சொல். கடமைக்கு மேற்பட்டு, திரும்பக் கிடைக்கும் என்ற எண்ணமின்றிச் செய்வதே ஹெசெத். யூத ஆசிரியர்கள் பிச்சை கொடுப்பதையும் இதையும் வேறுபடுத்திக் காட்டுவர். பிச்சையைப் பணத்தால் கொடுக்கலாம். இதற்கு உடலும் உழைப்பும் வேண்டும். பிச்சை ஏழைக்கு மட்டும். இது செல்வனுக்கும் உண்டு. பிச்சை உயிரோடிருப்பவருக்கு, இது இறந்தவருக்கும் உண்டு. இறந்தவருக்குச் செய்வதே மிகத் தூயது, அவர் ஒருநாளும் திருப்பித் தரப்போவதில்லை அல்லவா! நம் தோட்டங்களில் ஒரு சாவு விழுந்தால், பேர் போடுவதையும் விட்டுவிட்டுக் குழி வெட்டப் போகிற மனிதருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

நகோமி மூன்று முறை திரும்பிப் போகச் சொன்னார். ஒர்பா அழுதாள், மாமியாரை முத்தமிட்டாள், திரும்பினாள். ரூத்து பற்றிக்கொண்டாள். மதம் மாற வருகிறவரை மூன்று முறை திருப்பி அனுப்பிப் பார்க்க வேண்டும் என்ற யூத வழக்கத்துக்கு இந்த இடத்தையே ஆதாரமாகக் காட்டுவர். அதன்பின் ரூத்து பேசிய பேச்சை நாம் திருமணப் பூசைகளில்கூடக் கேட்டிருக்கிறோம். அன்பின் உருக்கமாகவே எடுத்துக்கொள்கிறோம். தல்மூது அதை வேறு விதமாகக் கேட்கிறது. மாமியார் ஒவ்வொரு சட்டமாகச் சொல்ல, மருமகள் ஒவ்வொன்றுக்கும் இணங்கிப் பதில் சொல்கிறாள் என்கிறது. ஓய்வு நாளில் இவ்வளவு தூரத்துக்கு மேல் நடக்கக் கூடாது என்றார் நகோமி. நீர் போகும் இடமே என் இடம் என்ற கருத்தில் ரூத்து பதில் தந்தாள். அந்நிய வழிபாடு விலக்கு என்றார்; உம் கடவுளே போதும் என்றாள். இறந்தபின் அடக்கமும் எங்கள் முறைப்படி என்றார், அதற்கும் சம்மதித்தாள். அதாவது, மோவாபிலிருந்து பெத்லகேம் போகும் புழுதி வழியில் நடந்தது ஒரு ஞானோபதேச வகுப்பு! ரூத்து கண்ணீரால் மட்டும் தீர்மானிக்கவில்லை. எதற்குள் நுழைகிறாள் என்பதைக் கற்றுத் தெரிந்துகொண்டு நுழைந்தாள்.

அவள் துணிவை எண்ணிப் பாருங்கள். கணவன் இல்லை, பிள்ளை இல்லை, போகும் ஊரில் ஒரு முகமும் தெரியாது. தன் இனத்தை அவ்வூரார் எப்படிப் பார்ப்பார்கள் என்பது மட்டும் தெரியும்.

அதையும் சொல்லிவிட வேண்டும். இணைச்சட்ட நூலின் 23-ம் அதிகாரம், அம்மோனியரும் மோவாபியரும் ஆண்டவரின் சபையில் பத்தாம் தலைமுறையிலும் சேரலாகாது என்கிறது. காரணமும் அங்கேயே உண்டு: எகிப்திலிருந்து இஸ்ரயேலர் பாலைவழியே வந்தபோது, மோவாபியர் அப்பத்தோடும் தண்ணீரோடும் எதிர்கொண்டு வரவில்லை, மாறாகச் சபிப்பதற்கு ஆளைக் கூலிக்கு அமர்த்தினர். வழிநடந்து களைத்தவனுக்கு ஒரு வாய் சோறும் ஒரு செம்பு தண்ணீரும் கொடாத குற்றம்! மன்னாரில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளையும் நாலந்தையும் கடந்து மாத்தளைக்கு நடந்த நம் முன்னோரில் எத்தனையோ பேர் வாந்திபேதியிலும் பசியிலும் அவ்வழியிலேயே விழுந்தனர். அந்த மாத்தளை மாவட்டத்தில் வாழும் நமக்கு, இந்தக் குற்றம் ஏன் அவ்வளவு பெரிதாக எண்ணப்பட்டது என்று புரியாமல் போகாது.

வாற்கோதுமை அறுவடை தொடங்கும் வேளையில் இருவரும் பெத்லகேம் வந்து சேர்ந்தனர். ஊர்ப் பெண்கள் நகோமியை அடையாளம் காணத் தடுமாறினர். இனிமை என்ற பொருளுடைய தம் பெயரை மாற்றி, கசப்பு என்று அழைக்கும்படி நகோமி சொன்னார். நிறைவோடு போனவர், வெறுங்கையோடு வந்தார். கூட வந்தவளைப் பற்றி அவ்வேளையில் அவர் ஒரு வார்த்தை சொன்னதாக நூலில் இல்லை. ரூத்து அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றிருப்பாள்.

மறுநாளைச் சோற்றுக்கு வழி தேடியவள் ரூத்தே. அறுவடையின்போது சிந்தும் கதிர்களைப் பொறுக்க வயலுக்குப் போனாள். இது பிச்சை அன்று. சட்டம் தந்த உரிமை. வயலின் ஓரத்தை முற்றும் அறுக்கலாகாது, சிந்தியதைப் பொறுக்கலாகாது, மறந்த கட்டை எடுக்கத் திரும்பலாகாது. அவை ஏழைக்கும் அந்நியருக்கும் உரியவை என்று திருச்சட்டம் கூறுகிறது. ஏறத்தாழ கி.பி. 200-ல் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற நூலில் இதற்கென்றே ஒரு பகுதி உண்டு. அறுப்பவர் கையிலிருந்து ஒரு கதிரோ இரண்டோ விழுந்தால் ஏழையுடையது. மூன்று சேர்ந்து விழுந்தால் உரிமையாளருடையது. சிந்தியதை இன்னாருக்குக் கொடு என்று தீர்மானிக்கும் அதிகாரம்கூட உரிமையாளருக்கு இல்லை என்றனர் ரபிமார். கொடுத்தேன் என்று அவர் பெருமைப்படவும் வழியில்லை. வாங்கினேன் என்று இவர் தலை குனியவும் தேவையில்லை.

அந்த வயல் போவாசு என்பவருக்குச் சொந்தம். எலிமலேக்கின் உறவினர், ஊர்ப் பெரியவர். வயலுக்கு வந்ததும் அவர் கூலியாட்களை ஆண்டவர் பெயரால் வாழ்த்தினார். அவர்களும் அவ்வாறே அவரை வாழ்த்தினர். ஒருவரையொருவர் இறைவன் பெயரால் வாழ்த்தலாம் என்பதற்கு மிஷ்னா இந்நிகழ்ச்சியைச் சான்று காட்டுகிறது. (வாசகரே, வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் பெரட்டுக் களத்தில் யாராவது இப்படி வாழ்த்திய கதையை உங்கள் பாட்டன்மார் சொன்னதுண்டா? எனக்குச் சொல்லப்பட்டதில்லை.)

போவாசு அந்தப் பெண் யாரென்று கேட்டார். ஏன் அவளை மட்டும் கவனித்தார்? அழகு என்று நாம் நினைப்போம். தல்மூது தரும் விளக்கம் வேறு. இரண்டு கதிர் சேர்ந்து கிடந்த இடத்தில் எடுத்தாள். மூன்று கிடந்த இடத்தில் தொடாமல் விட்டுச் சென்றாள். நேற்று வந்த அந்நியப் பெண்ணுக்கு இந்தச் சட்டம் எப்படித் தெரியும் என்பதே அவரை வியக்க வைத்தது. நின்ற கதிரை நின்று பறித்தாள், கிடந்த கதிரை அமர்ந்து எடுத்தாள். குனிந்து நிமிர்ந்து கூச்சமின்றித் திரியவில்லை என்பதும் கூடவே சொல்லப்படுகிறது. பசித்த வயிற்றோடு இருப்பவள், தனக்கு உரியதல்லாத மூன்றாம் கதிரை விட்டுவிடுகிறாள். கற்றது கைக்கு வந்த இடம் அது.

போவாசு தம் ஆட்கள் எவரும் அவளைத் தொந்தரவு செய்யலாகாதென்று கட்டளையிட்டார். தாகமெடுத்தால் வேலையாட்கள் இறைத்து வைத்த தண்ணீரைக் குடிக்கச் சொன்னார். உணவு வேளையில் அழைத்து அப்பமும் புளித்த காடியும் வறுத்த தானியமும் தந்தார். இங்கே நிறுத்திக் கவனியுங்கள். அப்பமும் தண்ணீரும்! மோவாபியர் எவற்றைக் கொடுக்க மறுத்ததால் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டனரோ, அவற்றையே ஓர் இஸ்ரயேலர் ஒரு மோவாபியப் பெண்ணுக்குக் கொடுக்கிறார். அவளோ வயிறார உண்டு, மீதியை முந்தானையில் முடிந்து, அந்த இஸ்ரயேல் கிழவிக்குக் கொண்டுபோகிறாள். பழைய கணக்கு ஒரு வயலோரத்தில், யாரும் அறிவிக்காமல் தீர்க்கப்படுகிறது. இந்த உணவு வேளையைப் பற்றி ரபிமார் சொல்லும் நயமான கருத்தொன்றுண்டு: தாம் கொடுத்த ஒரு பிடி வறுத்த தானியம் திருநூலில் ஏறும் என்று போவாசுக்கு முன்பே தெரிந்திருந்தால், கொழுத்த கன்றையே அடித்து விருந்து வைத்திருப்பாராம்!

அன்று மாலை அவள் தட்டி எடுத்த வாற்கோதுமை ஓர் ஏப்பா, ஏறத்தாழ 22 லீட்டர். ஒருநாள் பொறுக்கலுக்கு அது மிக அதிகம்; வேண்டுமென்றே கதிர்களை உருவிப் போடும்படி போவாசு ஆட்களிடம் சொல்லி வைத்திருந்தார். நாள் முழுதும் மலையில் நின்று, நிறுவைக்குக் கூடையைக் கொண்டுவரும் பெண்ணின் தோளை அறிந்தவர்களுக்கு, அந்த 22 லீட்டரைச் சுமந்து அவள் வீட்டுக்கு நடந்த நடையும் தெரியும். வாற்கோதுமை முடிந்து கோதுமை அறுவடையும் முடியும் வரை அவள் போய் வந்தாள்.

பிறகு நகோமி ஒரு யோசனை செய்தார். வாரிசின்றி இறந்தவரின் நிலத்தையும் பெயரையும் காக்கும் கடமை நெருங்கிய உறவினருக்கு உண்டு. போவாசு அத்தகையவர். குளித்து, நல்லாடை உடுத்து, இரவில் களத்துக்குப் போய் அவர் காலடியில் படுக்கும்படி மருமகளுக்குச் சொன்னார். இந்தப் பகுதியை மறைக்கல்வி வகுப்பில் நாம் வேகமாகத் தாண்டிவிடுவது வழக்கம். யூத ஆசிரியர்கள் தாண்டவில்லை. நகோமி முதலில் அலங்கரித்துப் பின் போகச் சொன்னார். ரூத்து முதலில் களத்துக்குப் போய்ப் பிறகே அலங்கரித்தாள், வழியில் எவரும் தவறாக எண்ணாதிருக்க அவ்வாறு செய்தாள் என்று வசனத்தின் சொல் வரிசையிலிருந்தே எடுத்துக்காட்டினர். நள்ளிரவில் விழித்துத் திடுக்கிட்ட போவாசிடம் அவள் தான் யார் என்பதையும் எதற்கு வந்தாள் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். ஒரு சொல் தவறியிருந்தால் அவள் பெயர் மறுநாளே ஊரில் நாறியிருக்கும்.

போவாசு அவளைத் தொடவில்லை, போற்றினார். அவளைக் குறிக்க அவர் ஆளும் எபிரேயச் சொல் படைவீரரின் ஆற்றலைக் குறிக்கவும் வருவது. வேறு எந்தத் தனிப் பெண்ணையும் எபிரேய விவிலியம் அப்படி அழைக்கவில்லை. இது சிறிய காரியமன்று.

விடிந்ததும் போவாசு நகர வாயிலில் போய் அமர்ந்தார். அக்காலத்து நீதிமன்றம் அதுவே. அவரைவிட நெருங்கிய உறவினர் ஒருவர் இருந்தார். அவரையும் ஊர் மூப்பர் பத்துப் பேரையும் அழைத்து, நகோமியின் நிலத்தை மீட்கிறீரா என்று கேட்டார். மீட்கிறேன் என்றார் அவர். நிலத்தோடு மோவாபியப் பெண்ணான ரூத்தும் வருகிறாள் என்றதும் பின்வாங்கினார். தம் சொத்துக்குக் கேடு வரும் என்றார். மரபுப்படி மிதியடியைக் கழற்றிக் கொடுத்து உரிமையைக் கைவிட்டார். விவிலியம் அவர் பெயரைக்கூடச் சொல்லாமல் இன்னார் என்று விட்டுவிட்டது.

இனி, வாசகரே, பாட்டியின் கேள்விக்கு வருகிறோம்.

அந்த உறவினர் ஏன் பயந்தார்? ரபிமார் சொல்வது: அவர் தீயவர் அல்லர், கல்லாதவர். மோவாபியரைச் சேர்க்கலாகாது என்ற பழைய வசனம் மட்டும் அவருக்குத் தெரியும். அதைக் கற்றறிந்தோர் ஆராய்ந்து கண்ட பொருள் தெரியாது. அந்தப் பொருள் இதுதான்: சட்டம் மோவாபியன் என்று ஆண்பாலில் சொல்கிறது, மோவாபியப் பெண்ணைச் சொல்லவில்லை. இது வெறும் இலக்கண விளையாட்டன்று. தடைக்கான காரணத்தையே அவர்கள் எடுத்து நோக்கினர். அப்பமும் தண்ணீரும் கொண்டு வழிப்போக்கரை எதிர்கொள்வது அக்காலத்தில் ஆண்களின் கடமை. பெண்கள் வீட்டை விட்டு அப்படி வருவதில்லை. ஆகவே குற்றம் பெண்களுடையதன்று. குற்றமில்லாதவர் மேல் தண்டனை விழலாகாது. போவாசு பத்து மூப்பரைக் கூட்டியது எதற்கு என்ற கேள்விக்கும் தல்மூதில் இருவகை விடை உண்டு. திருமண ஆசிக்குப் பத்துப் பேர் வேண்டும் என்பது ஒன்று. இந்தச் சட்ட விளக்கத்தை ஊரறியப் பத்துப் பேர் முன் வெளியிடவே கூட்டினார் என்பது மற்றொன்று. தமக்கு மட்டும் சலுகை தேடாமல், அவளுக்குப் பின் வரும் பெண்களுக்கும் வாசல் திறந்திருக்கும்படி செய்தார் என்று பொருள்.

போவாசு ரூத்தை மணந்தார். ஓபேது பிறந்தான். ஊர்ப் பெண்கள், ஏழு ஆண் மக்களைவிட மேலான மருமகள் இவள் என்று நகோமியிடம் சொல்லிக் குழந்தையை அவர் மடியில் கண்டு மகிழ்ந்தனர். ஓபேதின் மகன் ஈசாய், ஈசாயின் மகன் தாவீது. விவிலியத்தின் கதை இங்கே நின்றுவிடுகிறது.

ஆனால் கடதாசிப் பிரச்சினை ஒரு தலைமுறையோடு தீருமா? நம் அனுபவத்தில் தீர்ந்ததா? தல்மூதிலும் தீரவில்லை. இளைஞன் தாவீது கோலியாத்தை எதிர்க்கப் புறப்பட்டபோது, சவுல் அரசன் இவன் யார் மகன் என்று விசாரித்தான். அங்கே நின்ற தோயேகு என்பவன், அரசனாகத் தகுதியுண்டா என்று பார்ப்பதற்கு முன், இவன் சபையில் சேரத் தகுந்தவனா என்று பாரும். இவன் மோவாபியப் பெண் ரூத்தின் வழி வந்தவன் ஆயிற்றே என்றான். தோயேகு கல்லாதவன் அல்லன். பெரும் கல்விமான். படைத்தலைவன் அப்னேர் பெண்பால் விளக்கத்தைச் சொன்னான், தோயேகு மடக்கினான். அப்பமும் தண்ணீரும் பெண்கள் கொண்டு வருவதில்லை என்றால், இஸ்ரயேல் பெண்களையாவது மோவாபியப் பெண்கள் எதிர்கொண்டிருக்கலாமே என்றான். அப்னேரிடம் பதில் இல்லை. கல்விக்கழகத்துக்கு அனுப்பிக் கேட்டனர். அங்கும் தோயேகின் வாதத்துக்கு விடை கிடையாமல், தாவீதைத் தகுதியற்றவன் என்று அறிவிக்க முற்பட்டனர். அப்போது அமாசா என்பவர் இடுப்பில் வாளோடு எழுந்து நின்றார். இராமாவில் இறைவாக்கினர் சாமுவேலின் நீதிமன்றத்திலிருந்து தாம் நேராகக் கேட்டறிந்த தீர்ப்பு இது: தடை மோவாபிய ஆணுக்கே, பெண்ணுக்கு அன்று, மறுப்பவன் இவ்வாளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றார். சபை அடங்கியது.

இந்நிகழ்ச்சி சாமுவேல் நூல்களில் இல்லை. யூத ஆசிரியர்கள் தம் மாணவருக்குச் சொல்லி வந்தது. வாளைக் காட்டித் தீர்ப்பு வாங்குவது எனக்கு உவப்பானதன்று. ஆயினும் கதையின் உள்ளீடு என்னை விடவில்லை. தோயேகும் கற்றவன், அமாசாவும் கற்றவர். இருவர் கையிலும் இருந்தது ஒரே வசனம். ஒருவன் அதைக் கொண்டு மூன்று தலைமுறைக்குப் பின்னும் ஒரு குடும்பத்தைக் கிளறி வெளியேற்றப் பார்த்தான். மற்றவர், கேட்டறிந்ததைச் சொல்லத் தம் உயிரையும் பணயம் வைத்தார். ரூத்தின் கல்வி மூன்றாம் கதிரைத் தொடாமல் விட்டது. தோயேகின் கல்வி இறந்துபோன ஒரு பாட்டியின் பிறப்பைத் தோண்டியது.

நம் மத்தேயு நற்செய்தியாளர் இதையெல்லாம் அறிந்த யூத மரபில் வந்தவர். ஆண்டவர் இயேசுவின் வம்ச அட்டவணையில் ரூத்தின் பெயரை மறைக்காமல் எழுதினார். போவாசின் தாய் இராகாபு என்றும் எழுதினார். எரிகோ நகரத்து அந்நியப் பெண் அவள். அந்நியத் தாய் பெற்ற மகனே அந்நிய மருமகளுக்கு அப்பம் கொடுத்தான் என்பதை ஒரே வசனத்தில் வைத்துவிட்டார். ரூத்து நெடுநாள் வாழ்ந்து, தாவீதின் மகன் சாலமோன் அரியணையில் அமர்ந்து நீதி வழங்கியதையும் கண்டாள் என்பது யூத மரபு. அரசன் தன் தாய்க்கு அருகே போட்ட ஓர் இருக்கையை விவிலியம் குறிப்பிடும்போது, அது அரச குலத்தின் மூதன்னையான ரூத்துக்கு என்று அவர்கள் வாசிப்பர். ஆண்டுக் கணக்குப் பார்த்தால் ஒத்து வராது. அவர்கள் கணக்குப் பார்க்கவில்லை. கதிர் பொறுக்கியவளை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துப் பார்க்க விரும்பினர்.

சில மாதம் கழித்து அத்தோட்டத்துக்கு மறுபடி போனேன். பாட்டியைத் தேடிப் போய், கிடைத்தது பாட்டி, ஆனால் பேரன் பிள்ளை காலம் வரைக்கும் இழுபறி இருந்தது என்று சொல்லி, வயலையும் வாயிலையும் பத்து மூப்பரையும் விவரித்தேன். மூன்றாம் கதிரின் கதை அவருக்கு மிகவும் பிடித்தது. தோயேகின் பெயரைக் கேட்டதும், அப்படிப்பட்ட ஆட்களைத் தாம் கச்சேரிகளில் பார்த்திருப்பதாகச் சொன்னார். பிறகு கொஞ்சநேரம் பேசாமலிருந்தார். பாதி வழியில் திரும்பிப் போனாளே, அந்த மற்றப் பிள்ளை என்ன ஆனாள் என்று கேட்டார்.

விவிலியம் ஒர்பாவைப் பற்றி அதன்பின் ஒன்றும் சொல்லவில்லை. நகோமி இருவருக்கும் ஒரே ஆசிதான் கொடுத்தார், குறை ஒன்றும் சொல்லவில்லை என்றேன். யூத ஆசிரியர்கள் அவளைக் கோலியாத்தின் தாயாக்கிவிட்டதையும் தயங்கித் தயங்கிச் சொன்னேன். ஆனால் அவர்களே, மாமியாருக்காக அவள் சிந்திய நான்கு துளிக் கண்ணீரையும் கடவுள் கணக்கில் வைத்து, அதற்காக நான்கு வலிமை மிக்க மைந்தரைக் கொடுத்தார் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள் என்றேன்.

பாட்டியின் அக்கா 1970-களில் தலைமன்னார்க் கோச்சியில் ஏறிக் கப்பலில் போனவர். நீலகிரிப் பக்கம் கூடலூரிலிருந்து சில ஆண்டுகள் கடிதம் வந்ததாம், பிறகு வரவில்லையாம். தட்டுமுட்டுச் சாமான் பெட்டிக்குக் கயிறு கட்டிக் கொடுத்தது தாமே என்றார். அக்காவும் அழுதுகொண்டுதான் போனார் என்று சொல்லிவிட்டு, கேத்தலை அடுப்பில் வைக்க உள்ளே எழுந்து போனார்.